மஜுரோவுக்கு ஐந்து மணி நேரம்

மஜுரோ
12 பிப்ரவரி 2006

அன்புத் தம்பி ஜெல்டனுக்கு,

யோக்வே. அக்கா எம்லைன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று ஒழுங்காக எழுது.

உன் மகள் ரொசீனாவின் பையனுக்கு நாலு மாதம் முடிந்துவிட்டது. உன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். குப்புறக் கவிழ்ந்து தலையைத் தூக்கி வருகிறவர்களையெல்லாம் முறைக்கிறான். அதிலும் உன்னைப் போலத்தான்.

தம்பி, உன் மனைவி போய்ச் சேர்ந்ததும் ஆறு வயதுப் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஹோனலூலுவுக்கு ஏறினாய். அதை நான் குறை சொல்லவில்லை. அவளை வளர்த்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. பிரசவத்துக்கும் வரவில்லை. நீ கடைசியாக வந்துபோனதிலிருந்து ஆறு வருஷமாக உன் முகத்தை நாங்கள் போட்டோவில்தான் பார்க்கிறோம். நிலவிலா இருக்கிறாய்? விமானத்தில் ஐந்து மணி நேரம். டீக்கனின் மனைவி ஹெமிட்டி போய்விட்டு வந்து, "கண்ண மூடுனேன், முழிச்சேன், மஜுரோ வந்துருச்சு" என்கிறாள். ஐலுக் தீவிலிருந்து நம் மாமா இந்த வயதிலும் கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து சேர்கிறார்.

அக்டோபர் ஏழாம் தேதி சனிக்கிழமை குழந்தைக்குக் கெமெம் விருந்து. முதல் பிறந்தநாளில் பெயர் கொடுத்த தாத்தா இல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் தெரியாது என்று சொல்லாதே.

ஹெமிட்டி அடுத்த வாரம் மறுபடி அங்கே வருகிறாள். அவளுடைய ஐஸ் பெட்டியில் உப்புமீனும் தாழம்பழப் பாகும் வைத்திருக்கிறேன்.

அக்கா,
எம்லைன்

•

ஹோனலூலு
20 மார்ச் 2006

அன்புள்ள அக்கா,

யோக்வே. ஹெமிட்டி கொண்டுவந்த பெட்டி கிடைத்தது. மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க உன் சமையல் வாசம். உனக்கு முழங்கால் வலி குறைந்ததா? பள்ளிக்கூடத்தில் இன்னும் நின்றுகொண்டுதான் பாடம் நடத்துகிறாயா?

பையன் முறைப்பதைக் கேட்டுச் சிரித்தேன். நீ சொல்லும் அந்த ஐந்து மணி நேர விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற ஆளே நான்தான், மறந்துவிட்டாயா? தட்டு போகிறது, நான் போக முடிவதில்லை. சமையல்கூடத்தில் ஆள் குறைவு, லீவு தரமாட்டேன் என்கிறார்கள். நின்று நின்று கால் வேறு வீங்கிக்கொள்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

இனி உப்புமீன் அனுப்பாதே அக்கா. இங்கேயே கிடைக்கிறது. ரொசீனாவுக்கு என் முத்தங்கள்.

தம்பி,
ஜெல்டன்

•

ஹோனலூலு
22 மார்ச் 2006

அன்புள்ள பிலிமோன் அத்தானுக்கு,

நலமா? எபெயில் குடிதண்ணீர் ஒழுங்காக வருகிறதா? அமெரிக்க ராணுவத்தளச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி இன்னும் தீரவில்லையா?

அக்காவுக்கு முந்தாநாள் எழுதினேன். கால் வீக்கம் என்று கால்வாசிதான் சொன்னேன். மீதியை உங்களிடம்தான் சொல்ல முடியும். என் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. சர்க்கரை வியாதி தின்றுவிட்டது என்கிறார்கள். இரண்டு வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி என்று மெஷினில் படுக்கிறேன். கையில் ஊசி குத்தி ரத்தத்தை வெளியே இழுத்து, கழுவித் திரும்ப உள்ளே விடுகிறார்கள். ஒன்றுக்குப் போவதே நின்று ஒரு வருஷம் ஆகிறது. குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்குகிறது. மெஷின் எடுத்தால்தான் உண்டு. சமையல்கூட வேலையும் எப்போதோ போய்விட்டது. நம் தீவுகளில் எங்கேயும் அந்த மெஷின் கிடையாது. ஊருக்கு வந்தால் அதற்கப்புறம் எனக்கு நாள்தான் எண்ண வேண்டும்.

அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கூடப்பிறந்தவள் காதில் இடுப்புக்குக் கீழே உள்ள பேச்சு விழக் கூடாது. சின்ன வயதில் ஒதுங்கப் போவதென்றால்கூட, வலை பார்க்கப் போகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போவேன். அவளும் வலையைப் பற்றிக் கேட்கமாட்டாள். இப்போது இந்த வயதில், எனக்கு மூத்திரம் வருவதில்லை என்று அவளுக்கு எழுதுவதா? செத்தாலும் கை வராது. நீங்களும் வாய் திறக்காதீர்கள்.

உப்புமீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வாசத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஜெல்டன்

•

எபெய்
30 ஏப்ரல் 2006

மாப்பிள்ளை ஜெல்டனுக்கு,

பிலிமோன் எழுதுகிறேன். நான் சௌக்கியம். தண்ணீர் வருகிறது, நிற்கிறது, வருகிறது. உன் உடம்பை இனிமேல் சும்மா சம்பிரதாயத்துக்கு விசாரிக்க முடியாது, நிஜமாகவே விசாரிக்கிறேன்.

உன் கடிதத்தைச் சலவைக்கூடத்தின் பின்னால் நின்று படித்தேன். திரும்பி வந்து யாரோ ஒரு அதிகாரியின் இரண்டு சட்டைகளைக் கருக்கிவிட்டேன். போகட்டும்.

ஊருக்கு வராதே. உன் அக்கா திட்டுவாள். அவள் திட்டித் திட்டித்தான் நான் இத்தனை வருஷம் திடமாக இருக்கிறேன், திட்டினால் உயிர் போகாது. வேண்டுமானால் நீ ஜெயிலில் இருப்பதாகச் சொல்லிவிடட்டுமா? அதையாவது அவள் நாலு பேரிடம் சொல்லி அழலாம்.

விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்கிறேன். புருஷன் பெண்டாட்டியிடம் எதையும் சொல்லலாம். நான் சொல்லிவிடட்டுமா? நீ சரி என்றால் அடுத்த லீவில் சொல்கிறேன். வேண்டாம் என்றால் என் வாயில் பூட்டுதான்.

அன்புடன்,
பிலிமோன்

•

மஜுரோ
11 ஜூன் 2006

தம்பி ஜெல்டனுக்கு,

யோக்வே. எங்களுக்கு ஒரு குறையுமில்லை. நீயும் நன்றாகத்தான் இருப்பாய்.

ஹெமிட்டி உன்னைப் பார்த்ததையெல்லாம் என்னிடம் சொன்னாள். முதலில் மறைத்தாள், நான்தான் விடாமல் பிடுங்கினேன். மீனைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் தூக்கிக் கொடுத்தாயாம். பாகை நாக்கில்கூட வைக்கவில்லையாம். அவள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவளோடு சேர்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவில்லையாம். சபையில் பெண்கள் என் காதுபடவே பேசுகிறார்கள். "ஜெல்டன் அமெரிக்காக்காரனாயிட்டான், நம்ம கை பட்டது இனிமே அவனுக்கு இறங்காது." ராத்திரி கண் விழித்துக் கிளறின பாகு தம்பி.

ரொசீனா இப்போதெல்லாம் உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, "வரமாட்டாருன்னு தெரிஞ்சும் ஏன் பேப்பரை வீணாக்குற" என்றாள். நீ பெற்ற பெண்ணின் வாயிலிருந்து இதைக் கேட்க எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

லீவு இல்லை என்று இனிமேல் என் காதில் பூ சுற்றாதே. கெமெமுக்கு வா. வராவிட்டால் பையனின் பெயரை மாற்றிவிடுகிறோம். அதற்கப்புறம் எனக்கு எழுதவும் வேண்டாம்.

எம்லைன்

•

ஹோனலூலு
9 ஜூலை 2006

அன்புள்ள அத்தான்,

நலமா? அக்காவின் கடிதம் வந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, அதுதான் கஷ்டம். நான் போகப்போகிறேன்.

திட்டத்தைக் கேளுங்கள். வியாழன் மதியம் மெஷின் முடியும். வெள்ளி காலையில் விமானம். இரண்டாயிரத்து இருநூறு மைலுக்கு மேல் இருக்கிறது, ஐந்து மணி நேரம். நடுவில் தேதிக்கோடு இருப்பதால் இறங்கும்போது அங்கே சனி காலை. நேராகக் கெமெம். திங்கள் இரவு உங்கள் பக்கத்துக் குவாஜலினிலிருந்து மஜுரோ வழியாகத் திரும்பும் விமானத்தில் ஏறினால், இங்கே அதே திங்கள் விடிவதற்குள் வந்து இறங்கிவிடலாம். காலை ஆறு மணிக்கு மெஷினுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை முறை ஒன்றுதான் தவறும்.

இங்கே என்னைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கொராசோன், பிலிப்பைன்ஸ்காரி, என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டாள். பிறகு அவளே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். வாயைக் கட்டிக்கொண்டு, தண்ணீரைத் தொடாமல் இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கலாமாம். இளநீர் விஷம், வாழைப்பழம் விஷம். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது ஆஸ்பத்திரியில போய்ப் படுக்க வேண்டி வந்தா, முதல் வார்த்தையே உன் கிட்னியப் பத்தித்தான் சொல்லணும். தெரியாம டிரிப் ஏத்திட்டாங்கன்னா நெஞ்சுல தண்ணி ரொம்பி மூழ்கிப் போயிடுவ" என்றாள்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம். தெரிந்துவிட்டால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த நினைப்புதான் வரும். அப்புறம் அவள் எதிரில் என்னால் நிமிர்ந்து உட்கார முடியாது. எனக்கு வேண்டியது மூன்று நாள். பேரனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ரொசீனா என்னை அப்பா என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அத்தான்.

ஜெல்டன்

•

ஹோனலூலு
10 ஜூலை 2006

அன்புள்ள அக்கா,

யோக்வே. நலம், நீயும் கோபமில்லாமல் நலமாக இரு. லீவு கிடைத்துவிட்டது. கெமெம் சனிக்கிழமை காலையே வருகிறேன், திங்கள் இரவு கிளம்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளும் தரமாட்டார்கள், வற்புறுத்தாதே. பெயரை மாற்றிவிடாதே.

ஜெல்டன்

•

மஜுரோ
3 செப்டம்பர் 2006

என் தங்கத் தம்பிக்கு,

யோக்வே, யோக்வே. உன் கடிதம் வந்ததிலிருந்து என் முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா? கால் வீக்கத்துக்கு மருந்து போடுகிறாயா?

நான் எழுதினதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. என் நாக்கு உனக்குப் புதிதா? மூன்று பன்றி சொல்லியாகிவிட்டது. ஆர்னோ தீவிலிருந்து படகில் சீமைப்பலா வருகிறது. ரொசீனா உனக்கென்று புதுப் பாய் முடைகிறாள். கேட்டால் மழைக்காலத்துக்கு என்கிறாள். உன் அத்தானுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை, அவர் இருந்தும் சமையலில் ஒரு உபகாரமும் கிடையாது.

மூன்றே நாளாம். மகாராஜா வருகை போலத்தான். வா, பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா,
எம்லைன்

•

மஜுரோ
19 அக்டோபர் 2006

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் நலமா? நாங்கள் இருக்கிறோம். திங்கட்கிழமை விமானம் உங்கள் ஊரில் பழுதாகி நின்றதில் தவித்த பயணிகளுக்கே இடம் போதாமல், நீங்கள் அடக்கத்துக்கு வர முடியாமல் போனதை டீக்கன் சொன்னார். நேற்று வழக்கப்படி கல்லறை மேல் கல் பரப்பிவிட்டோம். நீங்கள் இல்லாததால் எழுதியாவது சொல்கிறேன்.

தம்பி விமானப் படியில் மெதுவாக இறங்கி வந்தான். முகம் உப்பியிருந்தது. நான் மாலையைப் போட்டுவிட்டு, "அமெரிக்கச் சோறு நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்று கிண்டல் செய்தேன். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கையில் என்ன புடைப்பு என்று கேட்டதற்கு, சமையல்கூடத்தில் சுட்டுக்கொண்டதாகச் சொன்னான். கெமெம் முழுக்கக் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. ரொசீனா அப்பா என்று கூப்பிட்டதும் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. தன் தட்டிலிருந்ததைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக்கொண்டே இருந்தான். நான் வெட்டிக் கொடுத்த இளநீரை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்தான். பாசத்தில் பசி மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் இரவு விமான நிலையத்தில் காத்திருந்து காத்திருந்து, வராது என்று சொன்ன பிறகு வீட்டுக்கு வந்தோம். அவனால் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்தே இருந்தான். செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்கியது, உடம்பும் சுட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே கட்டிலில் உட்கார்ந்ததும், "அக்கா, பசிக்குது. வீட்டுக்குப் போயி கொஞ்சம் சோறு எடுத்துட்டு வர்றியா?" என்றான். மூன்று நாளில் அவன் வாயிலிருந்து பசி என்று கேட்டது அப்போதுதான். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனால் அவனை விட்டுப் போக மனம் வராமல் ரொசீனாவை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "நீ போயேன் அக்கா, அவளுக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாது" என்றான். நான் போகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் வந்தார், வெளிநாட்டுக்காரர், சின்ன வயது, பொறுமையாக இங்கிலீஷில் கேட்டார். சர்க்கரை உண்டா என்றதற்கு உண்டு என்றான். பிறகு, உங்களிடம் எழுதலாம், சிறுநீர் கடைசியாக எப்போது போனது என்று கேட்டார். அந்த இங்கிலீஷை அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே, எனக்குக் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "காலையில" என்றான். அவ்வளவுதான்.

மூன்று நாளாக இவனுக்கு ஒரு வாய் தண்ணீர் சரியாக இறங்கவில்லை டாக்டர் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அப்படியானால் உடம்பு வறண்டிருக்கிறது என்று டிரிப் போடச் சொன்னார். தம்பி வேண்டாம் வேண்டாம் என்று கையை இழுத்தான். "சின்னப் பிள்ளையா நீ? அடம் பிடிக்காத" என்று அதட்டி, ஊசி ஏறும்வரை அந்தக் கையை நானே அமுக்கிப் பிடித்தேன். அதற்கப்புறமும் அவன் என்னைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தான். ரொசீனா சோற்றோடு வந்தபோது அவனுக்குப் பேச்சு போய்விட்டது. நெஞ்சுக்குள் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. புதன் விடிவதற்கு முன்னால் போய்விட்டான்.

டாக்டர் இருதயம் என்று எழுதிக் கொடுத்தார். இருக்கலாம். ஆனால் ஏன் என்னை அப்படிப் பார்த்தான் என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்கு அவன் எழுதுவானே, ஏதாவது தெரியுமா? ராத்திரியெல்லாம் இதுதான் ஓடுகிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்லைன்

•

எபெய்
12 நவம்பர் 2006

அன்புள்ள எம்லைன்,

நான் நலம்தான். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இப்போது விமானத்தில் இடம் இருக்கிறது, நேரில் வந்தே சொல்லலாம். உன் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் செத்துப்போய் இரண்டு வருஷம். வாரம் மூன்று தடவை மெஷினில்தான் ரத்தம் கழுவிக்கொண்டிருந்தான். அதனால்தான் மீனைத் தொடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, ஊருக்கும் வரவில்லை. வேலையும் இல்லை. டாக்டரிடம் சொன்னது பொய். ஒரு வருஷமாக அவனுக்கு அந்த வழியே அடைத்துவிட்டது. டிரிப்பில் ஏறினது வெளியே போக அந்த உடம்பில் வழியில்லை. உன் காதில் விழக் கூடாது என்று என் வாயைக் கட்டியிருந்தான், நானும் கட்டுப்பட்டேன்.

திங்கள்கிழமை இங்கே குவாஜலின் ஓடுதளத்தில் விமானம் அசையாமல் நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். வாயைக் கட்டினால் ஒரு வாரம் தாங்குவான் என்று அவனே எழுதியிருந்ததால், அடுத்த விமானம் போகும் புதன்கிழமைக்குள் ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன். அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான் என்று நினைக்கவில்லை. புதன் இரவு விமானம் நேரத்துக்குக் கிளம்பிப் போயிற்று.

டாக்டரைக் குறை சொல்லாதே. உன்னையும் சொல்லிக்கொள்ளாதே. திட்டுவதென்றால் என்னைத் திட்டு. உன் திட்டு எனக்கு இப்போது வேண்டியிருக்கிறது.

பிலிமோன்

•

மஜுரோ
3 டிசம்பர் 2006

அன்புள்ள உங்களுக்கு,

யோக்வே. குழந்தைக்கு லேசாகச் சளி, மற்றபடி எல்லோரும் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

திட்டு கேட்டிருந்தீர்கள். வரவில்லை. பத்து நாள் தேடிப் பார்த்தேன், என் நாக்கில் ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள எனக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் டாக்டர் வந்ததும் எழுந்து வெளியே போயிருப்பேன். அது ஒன்று போதும் அவனுக்கு.

வருஷம் முழுக்க ஐந்து மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று அவனைக் குத்திக்கொண்டிருந்தேன். அவன் அத்தனை தூரமும் வந்துவிட்டான். என் முக்காலிக்குப் பின்னாலேயே கதவு இருந்தது, நான் அதுவரைக்கும் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள், திரும்பி வந்துவிட்டேன்.

ரொசீனாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லாமல் விட்டதெல்லாம் போதும் என்று தோன்றியது. உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அடுப்பங்கரையில் நின்றபடியே படித்தாள். அழுவாள் என்று பக்கத்தில் போனேன். அழவில்லை. கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா உன்னையத்தான அத்தை போகச் சொன்னாரு" என்றாள்.

முன்பு போலத்தான் சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து விடுகிறாள். குழந்தை அழுதால் மட்டும், நான் எழுந்திருப்பதற்குள் ஓடிவந்து அவளே தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வாருங்கள்.

எம்லைன்